வெள்ளைக் கோட்டில் வைத்த மஞ்சள்

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், ஒரேத்தோத் தெருவில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஒருவரும் சத்தம் போடக்கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தச் சட்டத்தை மதித்தவள் நான் ஒருத்திதான். சிசிலிக்காரர்களே அந்த நேரத்தில்தான் பல்கனிக்குப் பல்கனி நின்று சண்டை பிடிப்பார்கள். ஆனால் எனக்கு அந்த இரண்டு மணித்தியாலமும் உயிர். விடியப் பஸ் பிடித்து நகர நடுவில் பொலிதேயாமாவுக்குப் போய், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் என் வேலைவீட்டு அம்மாவின் வீட்டைக் கூட்டித் துடைத்து, மலை மாதிரிக் குவிந்த உடுப்பை அயன் பண்ணி, பகல் திரும்பி வந்து கொஞ்சம் கண்ணயர்ந்தால்தான் பின்நேரம் தையல் மெஷினில் குந்தலாம். தொண்ணூறுகளில் பலேர்மோவில் இருந்த தமிழ்ப் பெண்களில் பாதிப் பேருக்குச் சேலைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள் நான்தான். மற்றப் பாதியும் வந்தவர்கள்தான். வாய்க்காரி என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்படிப் படுத்திருந்த ஒரு மத்தியானம் கீழ்வீட்டில் ட்ரம்பெட் ஊதத் தொடங்கியது. முதல் நாள் பொறுத்தேன். இரண்டாம் நாளும் பொறுத்தேன். மூன்றாம் நாள் தலைமயிரைக்கூட முடியாமல் இறங்கிப் போய்க் கதவில் குத்தினேன்.

கதவைத் திறந்தவரைப் படிக்கட்டில் கண்டிருக்கிறேன். மேற்கு ஆபிரிக்காவில் பெனின் நாட்டுக்காரர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. கதவு நிறைந்த ஆள். கையில் ட்ரம்பெட், அதன் வாய்க்குள் ஒரு துவாய். நாங்கள் இருவரும் கதைத்தது அரைகுறை இத்தாலியனில். அதை என் தமிழில்தான் இங்கே சொல்ல முடியும்.

"துவாய் அடைச்சுத்தான் ஊதுறன், சிஞ்ஞோரா. அப்படியும் கேட்குதோ?" என்றார்.

"எனக்குப் பல்லுக்குள்ளை கேட்குது," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, "எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. ஊதி ஊதி வாயைப் பழக்கவேணும்," என்றார். நோயாளி கதைக்கிற மாதிரிக் கதைத்ததால் எனக்கும் மேற்கொண்டு ஏச மனம் வரவில்லை. என்னவென்று கேட்டேன். உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார்.

சுவரில் ஒரு பழைய இசைத்தட்டின் உறை ஆணியில் தொங்கியது. ஐந்து பேர் வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் காற்சட்டையுமாய் நின்றார்கள். கொலர் என்றால் கொலர், பாதி வாழையிலை. காற்சட்டையின் கீழ்ப்பக்கம் வீடு கூட்டிக்கொண்டு போகிற அகலம். கரையில் ட்ரம்பெட்டோடு நின்ற ஒல்லிப் பொடியன்தான் இவராம். நம்பச் சிரமமாய்த்தான் இருந்தது.

எழுபதுகளில் அவருடைய ஊரான கொத்தோனுவில் அந்தக் குழு வாசிக்காத கொண்டாட்டம் இல்லையாம். அவர்களுடைய இசைக்கு ஆஃப்ரோ ஃபங்க் என்று பெயர். அவரிடம் தட்டு இருந்தது, போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. ஒரு கசெற்றும் இருந்தது. எங்கள் வீட்டில் ரேப் ரெக்கோடர் இருந்ததால் மேலே கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுக் கேட்டோம். ட்ரம்ஸும் கிட்டாரும் கோயில் மேளச் சமா மாதிரி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. இடையில் ட்ரம்பெட் வந்து வெட்டியது. குசினிக்குள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த என் மச்சாளின் கால் தானாய்த் தாளம் போட்டது.

மச்சாள் என்பது என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். இங்கே தங்கும் அனுமதிக் கடதாசி, பெர்மெஸ்ஸோ, இன்னும் கைக்கு வராததால் வேலைக்குப் போகவில்லை. சமையலும் சாமிப்படங்களும் அவர் பொறுப்பு. வீட்டுக்கு எந்தப் புது உடுப்பு வந்தாலும், அது உள்பெனியனாய் இருந்தாலும், மஞ்சள் தொட்டு வைக்காமல் ஒருவரையும் போடவிடமாட்டார். என் கணவர் ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை. அவருடைய புது வெள்ளை மேலங்கிக்கும் மச்சாள் வைத்துவிட, அங்கே பெரிய சமையற்காரர் வேலை தொடங்க முதலே எப்படிக் கறி சிந்தினாய் என்று கேட்டாராம். எனக்கு அது கணவரின் அக்கா. ஒன்றும் சொல்ல ஏலாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கசெற் முடிந்ததும் கீழ்வீட்டுக்காரர் மிச்சக் கதையைச் சொன்னார். ஊரில் ஒரு பெரிய கொண்டாட்டம். மேடைக்கு ஏற முதல் பசித்திருக்கிறது. மீனும் சோறும் சாப்பிட்டார். அவர்களுடைய செம்பனை எண்ணெய் நல்ல சிவப்பு. ஒரு துளி கொலரில் பட்டுவிட்டது. குழுவின் தலைவர், பாடுகிறவரும் அவர்தான், அதைக் கண்டதும் பாட்டைப் பாதியில் நிற்பாட்டினார்.

"மைக்கிலை சொன்னார், வெள்ளையைக் காப்பாத்தத் தெரியாதவன் இறங்கு எண்டு. சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. இறங்கினன். கோட்டையும் கழட்டி வாங்கிப்போட்டினம். அண்டைக்கு இறங்கினவன் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறன், சிஞ்ஞோரா."

ஒரு துளி எண்ணெய்க்காக ஒரு மனிசனைச் சனத்துக்கு முன்னால் இறக்கினவரை நினைக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் அந்த மைக்கைப் பறித்திருப்பேன்.

பிறகு குழு கலைந்து எல்லோரும் திக்குத் திக்காய்ப் போய்விட்டார்களாம். இப்போது பாரிஸில் இளசுகள் அந்தப் பழைய தட்டுக்களைத் தேடி எடுத்துக் கேட்டு ஆடத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் மற்ற மூன்று பேரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராய் வாசித்து வந்தார். இவர் துறைமுகச் சுவரில் போஸ்டரைக் கண்டுவிட்டார். வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாப்போலிக் கப்பலில் பலேர்மோவுக்கு வருகிறார்கள். அலைந்து திரிந்து நம்பர் எடுத்துத் தலைவருக்கு ரெலிபோன் பண்ணியிருக்கிறார். தலைவர் முதலில் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொன்னாராம். பிறகு, "உன்ரை இடம் காலியாய்த்தான் இருக்கு. வெள்ளை உடுப்போடை வா. ஒரு புள்ளி இருந்தாலும் ஏறாதை," என்றாராம்.

"அந்தக் கோட்டுத்தான் இல்லை," என்று சொல்லி, மூலையில் இருந்த என் தையல் மெஷினைப் பார்த்தார்.

ஆம்பிளைகளின் கோட்டு நான் அதுவரை தைத்ததேயில்லை. ஆனால் தலைவர்மேல் இருந்த கோபத்தில், "தைக்கிறன். அந்தாளின்ரை கண் கூசத் தைக்கிறன்," என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இருந்தாலும் எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. அளவெடுக்கும்போது நான் ஒருவரையும் சும்மா நிற்க விடுவதில்லை. சேலைச் சட்டைக்கு வருகிற பெண்களிடம், கையை உயர்த்து, பிள்ளையைத் தூக்கிற மாதிரிக் குனி என்பேன். பொம்மை மாதிரி நிற்கிறவளுக்கு எடுத்த அளவில் தைத்தால், அவள் கலியாண வீட்டில் பலகாரத் தட்டை எட்டி எடுக்கும்போது கக்கத்தில் பிரிந்துவிடும். அதனால் இவரையும் ட்ரம்பெட்டை எடுத்துவரச் சொன்னேன். நாடாவின் ஒரு நுனியை மச்சாள் பிடித்தார், மறு நுனியோடு நான் அவரைச் சுற்றி வந்தேன்.

"இப்ப ஊதுங்கோ," என்றேன்.

"இஞ்சையோ? இரண்டு மணியாகேல்லையோ?"

"ஊதுங்கோ எண்டுறன்."

ஊதினார். நெஞ்சு நாலு விரல் அகலம் கூடியது. மச்சாளின் கையிலிருந்து நாடா பறந்தது. மேல்வீட்டுக் கிழவர் தும்புத்தடியால் நிலத்தில் இடித்தார். முன்பு கீழே போய் நான் செய்ததைத்தான் அவர் செய்தார், ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. உள்ளே இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு துவாயை அடைத்து ஊதுகிறாரே என்று கவலையாய் இருந்தது.

துணி வாங்கி வந்து, இசைத்தட்டு உறையைப் பார்த்துப் பார்த்துப் பழைய பேப்பரில் கொலரை வெட்டினேன். முதல் கொலர் சரிவரவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது வந்தது. துணியில் கைக்குட்டைக்கும் மிச்சமில்லை. சனிக்கிழமை பின்நேரம் அவர் போட்டு, பொத்தானைப் பூட்டி, எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் ஊதிப் பார்த்தார். ஒன்றும் இழுபடவில்லை. அடுத்த நாள் பின்நேரம் வந்து எடுக்கிறேன் என்று கழற்றித் தந்தார். கடைசியாய் ஒருமுறை அயன் பண்ணிக் கதவில் தொங்கவிட்டேன். வெள்ளை என்றால் அதுதான் வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோரா வீட்டில் விருந்து. போகாமல் ஏலாது. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால், கோட்டுத் தொங்குகிறது. வலது கொலரில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், கட்டைவிரலளவு மஞ்சள்.

"மச்சாள், இதென்ன?"

"மஞ்சள்."

"மஞ்சள் எண்டு எனக்கும் தெரியுது. ஏன் வைச்சனியள்?"

"புது உடுப்பெல்லே. அந்தத் தம்பி நல்ல காரியத்துக்குப் போறார். வைக்காமல் விடுறதோ?"

"உள்ளுக்கை ஒரு மூலையிலை வைக்கக்கூடாதோ?"

"உவ்வளவு பெரிய கொலரை வெட்டிப்போட்டு உள்ளுக்கை வை எண்டால்? சாமிக்குத் தெரியவேண்டாமோ?"

கீழ்வீட்டுக்காரர் கறைக் கதையைச் சொன்னது இத்தாலியனில். மச்சாளுக்கு அது போய்ச் சேரவேயில்லை. நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் படிக்கட்டில் பாட்டுக் கேட்டது. பாடிக்கொண்டு வந்தவர் கோட்டைக் கண்டதும் நின்றார். நேரே குசினிக்குப் போய், சவர்க்காரத்தை எடுத்து, நான் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தக் கத்தக் கொலரைத் தேய்த்தார்.

மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மஞ்சள் பொட்டு இரத்தச் சிவப்பாகிவிட்டது.

"இதே நிறம்," என்றார் அவர். "அண்டைக்கும் இதே நிறம்தான்." அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டார்.

மிச்சத்தையும் நான் சொல்ல, மச்சாளுக்கு அப்போதுதான் முழுக்கதையும் விளங்கியது. "எனக்கு ஒருதரும் சொல்லேல்லையே," என்று அழத் தொடங்கினார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் மச்சாள், நடுவில் ஈரக் கோட்டோடு நான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நேரம் இரண்டு பேரையும் அந்தக் கோட்டாலேயே அடித்திருப்பேன். அடிக்காமல் ஒரு தேசிக்காயை வெட்டினேன். பலேர்மோவில் எது இல்லாவிட்டாலும் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. சாற்றை விட்டதும் சிவப்புப் போய் மஞ்சள் திரும்பி வந்தது. அதற்கு மேல் போகமாட்டேன் என்றது. மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. பல்கனியில் போட்டேன். ஆனால் ஒரு பின்நேர வெயில் என்ன செய்யும்? ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்தால், கொஞ்சம் வெளிறின மஞ்சள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை துணிக்கடையும் பூட்டு. ஒரு பூவைக் குத்தி மறைப்போமா என்றார் மச்சாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்றேன்.

"நான் போகேல்லை," என்றார் அவர்.

"போறியள். நாங்களும் வாறம். நான் கண் எரிய எரியத் தைச்சது உங்கடை குசினியிலை தொங்கவிடவோ?"

என் குரலைக் கேட்டவர்கள் எதிர்த்துக் கதைப்பதில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மச்சாள் புதுச்சேலை உடுத்து, கைப்பையை அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கின் முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். கோடைகாலம் என்பதால் வெயில் இன்னும் இறங்கவில்லை. மேடைக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுடைய பழைய கோட்டுக்கள் வெள்ளையாகவே இல்லை. காலம் போய், கஞ்சித் தண்ணீர் நிறமாகியிருந்தன. நான் தைத்ததுதான் அங்கே வெள்ளை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

தலைவர் மெலிந்த, நெடிய மனிதர். கறுப்புக் கண்ணாடி. கட்டிப்பிடிக்கக் கையை விரித்துக்கொண்டு வந்தவர், பாதியில் நின்றார். கொலரில் விரலை வைத்தார். பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னார். "திரும்பவுமோ?" என்று கேட்டதாய்க் கீழ்வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அந்த நேரம் அவர் ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். 

"அது கறை இல்லை," என்று இத்தாலியனில் பாய்ந்தேன். "எங்கடை வழக்கம். புது உடுப்புக்கு வைக்கிறது. அவர் ஒரு பிழையும் விடேல்லை."

தலைவர் இல்லையென்று தலையை ஆட்டி, அவரும் அரைகுறை இத்தாலியனில்தான் சொன்னார். "கறை கறைதான், மதாம்."

இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்ற மச்சாளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தலைவர் கொலரைத் தொட்டதும், முகம் சுருங்கியதும்தான் தெரிந்தது. "இந்தாளுக்கு ஏன் கோவம் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் எனக்கு. "அண்டைக்கு எண்ணெய் கறை, இது மஞ்சளெல்லே. தம்பிக்கு மட்டும் வைச்சு மற்றாக்களை விட்டிட்டம். நான் யோசிச்சுத்தான் கொண்டந்தனான்."

கைப்பையிலிருந்து மஞ்சள் பேணியை எடுத்தார். நான் எட்டிப் பிடிக்க முதல், முறையாய்த் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொண்டுவந்திருந்த மஞ்சளில் கட்டைவிரலைத் தோய்த்து, "கொஞ்சம் குனியும், தம்பி," என்று தமிழில் சொல்லி, அந்தத் தலைவரின் கொலரில் அமத்தி வைத்துவிட்டார்.

துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. தலைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே கிழட்டுக் கண்கள். தன் கொலரைப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரரின் கொலரைப் பார்த்தார். மச்சாளைப் பார்த்தார். மச்சாள் நல்ல காரியம் செய்த முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நானும் இறங்கவேணும்," என்றார் தலைவர் மெதுவாய். "சட்டம் நான் போட்டது."

முதலில் சிரித்தவர் ட்ரம்ஸ்காரர். பிறகு மற்ற இருவரும். தலைவர் சிரிக்கவில்லை. கீழ்வீட்டுக்காரரின் பொத்தான்களைத் தானே ஒவ்வொன்றாய்ப் பூட்டிவிட்டார். "இரண்டு பேரும் இறங்கினால் ஆர் பாடுறது, ஆர் ஊதுறது? ஏறு," என்றார். அந்தாள்மேல் நான் ஒரு மாதமாய் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மற்ற மூன்று பேரும் தாங்களாகவே மச்சாளுக்கு முன்னால் வரிசையில் வந்து குனிந்தார்கள்.

கீழ்வீட்டுக்காரர்தான் முதலில் மேடைக்கு ஏறினார். துவாய் இல்லாமல் அவர் ஊதி அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். முற்றம் முழுக்கச் சிசிலிப் பெடியள் பெட்டைகள் ஆடினார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டுக்கள் பிறக்க முந்தின பாட்டுக்கள், ஆனாலும் கூடவே பாடினார்கள். நான் வெட்கத்தைவிட்டு அழுதேன். மச்சாள் கைதட்டித் தாளம் போட்டார். ஒரு இடத்திலும் தாளம் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு கீழ்வீட்டுக்காரர் குழுவோடு போய்ப் போய் வந்தார். பலேர்மோவுக்கு வருகிறபோதெல்லாம் கோட்டோடு மேலே ஏறி வந்து, "ஸீயா, வெயில் திண்டிட்டுது," என்று கொலரைக் காட்டுவார். ஸீயா என்றால் மாமி. மச்சாள் கைவேலையை விட்டுவிட்டு மஞ்சள் குழைப்பார். மத்தியான நித்திரை எனக்குத் திரும்பக் கிடைத்தது. கிடைத்த பிறகு, கீழே சத்தமில்லாததால் நித்திரை வரவில்லை.

இரண்டொரு வருடம் கழித்துத் துறைமுகச் சுவரில் ஒரு புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தது. மச்சாளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எட்டுப் பேர் நின்றார்கள். புதிதாய்ச் சேர்ந்த மூன்று இளம் பெடியளுக்கும் வெள்ளைக் கோட்டு, எல்லோருடைய கொலரிலும் மஞ்சள் பொட்டு. ஏன் வைக்கிறார்கள் என்று அந்தப் பெடியளுக்குத் தெரியுமோ தெரியாது. மச்சாள் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இடப்பக்கத்துப் பொடியனுக்கு நல்லாக் கீழை வைச்சிட்டினம். ஆர் வைச்சது?" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய கவலை. அந்தக் கொலரை மூன்று தரம் வெட்டினவள் பக்கத்தில் நிற்கிறாள் என்ற நினைப்பு அவருக்கு இல்லை. பரவாயில்லை. நான் பார்க்க வேண்டியதை நான் பார்த்தேன். நடுவில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் கன்னம் இரண்டும் உப்ப, நெஞ்சை நிமிர்த்தி ஊதிக்கொண்டு நிற்கிறார். ஒரு பொத்தானும் இழுபடவில்லை.